இரண்டு முறை திரும்பிய தலைவர்

ஹார்லெம், மார்ச் 6, 1617

புதுச் செப்புத்தகடு வந்தது. முகம் பார்த்துத் தலை சீவலாம், அவ்வளவு பளபளப்பு. ஊர்க்காவல் படைத் தலைவர் லம்பெர்ட் வாளை உருவி நிற்கிற படத்தை இதில் நான் வெட்ட வேண்டும். ஓவியர் ஃப்ளோரிஸ் தாளில் வரைந்து கொடுத்துவிட்டார்.

இன்று அண்ணனிடம் கேட்டேவிட்டேன். அப்பா இறந்து நான்கு வருடம். ஆனால் எங்கள் கடையில் அவர் இன்னும் மும்முரமாக வேலை செய்கிறார்! நான் வெட்டும் ஒவ்வொரு தகட்டின் அடியிலும் 'யோரிஸ் வெட்டியது' என்றுதான் போடுகிறோம். அந்தப் பெயருக்குத்தான் விற்கிறதாம். "இந்தத் தடவை என் பேரப் போடலாமாண்ணா?" என்றேன். ஹைபெர்ட் அண்ணன் ரொட்டியை மென்று முடித்தான். பிறகு, "படம் குத்தமில்லாம வரட்டும். பாக்கலாம்."

மார்ச் 7

'பாக்கலாம்' என்றால் சரி என்றுதானே அர்த்தம்?

மார்ச் 21

தாடி மட்டும் மூன்று நாள் எடுத்தது. தலைவர் முகத்தில் தாடியா, தாடிக்கு நடுவில் தலைவரா என்று தெரியாத தாடி. ஆனால் ஒவ்வொரு மயிரும் தனியாக நிற்கிறது. எனக்கே பெருமையாக இருக்கிறது.

அம்மா இன்றும் கிண்டல். தகட்டில் வலப்பக்கம் இருப்பது அச்சில் இடப்பக்கம் விழும் என்பதால், தாளைக் கண்ணாடிக்கு எதிரே மாட்டி, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்துத்தான் வெட்டுவேன். தாளை நேராகப் பார்ப்பதே இல்லை. "என்னையே கண்ணாடியில பாத்தாத்தான் உனக்கு அடையாளம் தெரியும் போல" என்கிறாள். பட்டாணிக் கஞ்சி ஆறிப்போன கோபம்.

ஏப்ரல் 14

முதல் அச்சு எடுத்தோம். அண்ணன் உருளையைச் சுற்றினான், நான் தாளை உரித்தேன். தாடி அற்புதம். கழுத்துச் சரிகை அதைவிட. அண்ணன் சீட்டியடித்தான். பாதியில் நிறுத்தினான்.

"மாக்டெல்ட்... இவரு எந்தக் கையில வாளப் புடிச்சிருக்காரு?"

இடது கையில்.

ஐயோ. எப்படி? கண்ணாடியைப் பார்த்துத்தானே வெட்டினேன்? உறைகூட வலது இடுப்பில் தொங்குகிறது. ஐந்து வாரம்! முழுத் தகடும் மாறிக் கிடக்கிறது, எதைச் சுரண்டி எதைத் திருத்துவது?

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. எங்கள் தகடுகளில் எல்லா வீரர்களும் இடது கையர்களாகத்தான் நிற்பார்கள். இவர் மட்டும் தகட்டிலேயே வாளை வலது கையில் பிடித்திருந்தார். பார்க்க எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேனே, பாவி!

ஏப்ரல் 15

காலையிலேயே ஃப்ளோரிஸ் வீட்டுக்கு ஓடினேன். பாலாடைக்கட்டியும் வாயுமாக வந்தார்.

"உனக்கு வெட்ட வசதியா இருக்கட்டுமேன்னு நானே திருப்பி வரைஞ்சு குடுத்தேன்மா."

"அத என்கிட்ட சொல்ல வேண்டாமா?"

"தாளப் பாத்தாலே தெரியுமே!"

தெரியும்தான். பார்த்தால். அவர் ஒரு முறை திருப்பினார், நான் கண்ணாடியில் இன்னொரு முறை திருப்பினேன். வழியெல்லாம் சிரித்தேன். வாசலில் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 16

"இதுல அப்பா பேரப் போட்டா அவரு கல்லறைலேர்ந்து எழுந்து வருவாரு. உன் பேரையே போட்டுக்க" என்று அண்ணன் கத்தினான்.

கேட்டதைக் கொடுத்துவிட்டான். தண்டனையாக.

அப்பாவின் பெயரை என் கை தலைகீழாகவும் வெட்டும். என் பெயரை ஒரு தடவைகூட வெட்டியதில்லை! தாளில் எழுதிக் கண்ணாடிக்கு முன் பிடித்தேன். ரோமன் பெரிய எழுத்தில் MACHTELT, எட்டு எழுத்து. ஐந்து எழுத்து கண்ணாடியிலும் அப்படியேதான் இருந்தன, மூன்றுதான் திரும்பின. படம் தப்பாகவே இருக்கட்டும், 'மாக்டெல்ட் வெட்டியது' என்பது அழகாக இருக்கிறது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ஏப்ரல் 20

மறைத்து விற்க முடியாது என்பதால், அச்சைச் சுருட்டிக்கொண்டு நானும் அண்ணனும் தலைவர் வீட்டுக்குப் போனோம். அண்ணன் வழியிலேயே மன்னிப்பை மனப்பாடம் செய்தான்.

தலைவர் தாளை விரித்துப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து, "ஏய், வில்லெம்கென்! இங்க வந்து பாரு!" என்று ஒரு குரல்.

அவர் மனைவி மாவுக் கையோடு வந்து பார்த்து, சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அட, இது இவரேதான்! சண்டைக்குப் போனாலும் சரி, சூப்பு குடிச்சாலும் சரி, இந்தக் கைதான்."

தலைவர் இடது கையர்! படைப் படங்களில் எல்லோரும் ஒரே கையில் வாள் பிடிக்க வேண்டும் என்று படைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். ஃப்ளோரிஸும் அச்சில் வாள் வலது கையில் வரும்படிதான் வரைந்திருக்கிறார்.

"பள்ளிக்கூடத்துல இந்தக் கையக் கட்டிப் போட்டாங்க. அப்புறம் எல்லாப் படத்துலயும் எவனோ ஒருத்தன் என் தாடியோட நிக்கிறான். இப்பத்தாம்மா நான் வந்திருக்கேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. படையில் ஆளுக்கொன்று வேண்டுமாம்.

ஏப்ரல் 21

எதிர்பார்த்ததுதான். "இவ்வளவு பேர் வாங்கப் போறாங்கன்னா அப்பா பேரையே போட்டுடலாமே" என்று என் பெயரை அழிக்கச் சுரண்டியைத் தேடினான் அண்ணன்.

"திட்டு வாங்க என் பேரு, பாராட்டு வாங்க அப்பா பேரா?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அம்மா மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஹைபெர்ட், உங்கப்பா இருந்தப்பவே அடுத்தவன் வேலையில பேர் போட மாட்டார்."

அண்ணன் சுரண்டியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

மே 11

அச்சு மேல் அச்சு. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. ஆனால் உருளையைச் சுற்றுகிறான்.

ஜூன் 3

லெய்டனிலிருந்து ஒரு புத்தக வியாபாரி வந்தார். நான் உள்ளறையில் வெட்டிக்கொண்டிருந்தேன், பேச்சு மட்டும் கேட்டது.

"யோரிஸ் ஐயா கையால ஒரு தகடு வேணுமே."

உளி என் கையில் அப்படியே நின்றது.

"அவரு இப்ப வெட்டுறதில்லீங்க" என்றான் அண்ணன். "என் தங்கச்சிதான் வெட்டுறா. மாக்டெல்ட்னு பேரு."

"ஏன், அவருக்கு உடம்புக்கு என்ன?"

"ஓய்வெடுத்துக்கிட்டாருங்க."

அழுதுவிட்டேன். வியாபாரி போனதும் அண்ணன் கதவில் எட்டிப் பார்த்தான். "வேலை பிடிச்சாச்சு. அழறதுன்னா தள்ளி உக்காந்து அழு, செம்பு கறுத்துடும்" என்றான்.