மூன்றாம் பிளாக், பதினோராவது மரம்

கை இன்னும் பிசுபிசுக்கிறது. பலாப் பால் தண்ணீரில் போகாது, தேங்காயெண்ணெய் தேய்க்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவளே நீதான். எண்ணெய் பாட்டில் எந்த அட்டைப்பெட்டிக்குள் போனதோ தெரியவில்லை. அப்பா நேற்றோடு ரிட்டயர் ஆகிவிட்டார். குவார்ட்டர்ஸில் ஒரு நாள் கூடுதலாக இருக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார், அதனால் காலி செய்துகொண்டிருக்கிறோம். முப்பது வருஷத்துச் சாமான். நான் லீவு போட்டு வடக்கேயிருந்து வந்திருக்கிறேன்.

காலையில் துணி காயப்போடும் கொடியை அவிழ்க்கப் பின்பக்கம் போனேன். அதன் ஒரு முனை பலா மரத்தில் கட்டியிருந்தது. முடிச்சுக்குக் கொஞ்சம் கீழே உன் அப்பா கட்டிய தகரத் துண்டு. ஆணியால் குத்திய எழுத்து, 3-11. மரம் பருத்து, கட்டுக்கம்பியைப் பாதி விழுங்கியிருந்தது. புதிதாக வருகிறவர்கள் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள், அதற்கு நானே எடுத்துவிடலாம் என்று குறடு போட்டு இழுத்தேன். பட்டை பிய்ந்து பால் வழிந்தது. மதியம் அந்தத் தகரத்தை எடுத்துக்கொண்டு உங்கள் ஊருக்குப் போய்வந்தேன். அங்கே நடந்ததைத்தான் உனக்கு எழுத வேண்டும். ஆனால் பழையதிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். உனக்குத் தெரிந்த கதையையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

எம்.எஸ்சி. கடைசி வருஷம். புள்ளியியல் வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் கிடந்த எண்களை எடுத்து புராஜெக்டை முடித்தபோது, நாம் மட்டும் பண்ருட்டிப் பக்கம் ஒரு பலாத் தோப்பில் டேப்பும் தராசுமாக அலைந்தோம். எல்லாம் நீ இழுத்த இழுப்பு. பலாக்கொட்டையை நட்டால் தாய் மரம் மாதிரியே காய்க்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஒரு பழம் இனிப்பதில் பிறப்புக்கு எவ்வளவு பங்கு, மண்ணுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியுமா என்பதுதான் நம் கேள்வி. "நம்மளயும் இப்பிடிப் பிரிச்சுப் பாக்கணும்டி, குவார்ட்டர்ஸ்காரி" என்பாய். "நீ பர்மனென்ட் மண்ணு. நான் கான்ட்ராக்ட் மண்ணு."

நீ விளையாட்டாகச் சொன்னாலும் அது அப்படித்தான் இருந்தது. என் அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் பர்மனென்ட். உன் அப்பா முத்தாண்டிக்குப்பம் தாண்டி உள்ளே இருக்கிற ஊரிலிருந்து சைக்கிளில் வந்து, டவுன்ஷிப் சாலைகளில் கிளை வெட்டுகிற கான்ட்ராக்ட் ஆள். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் அவர் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். உன் அம்மா முந்திரி உடைக்கப் போவார். கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த அந்த விரல்களால் எனக்கு ஒருமுறை சோறு போட்டார்.

தகரம் கட்டிய கதை உனக்கு எப்போது நினைத்தாலும் சிரிப்பு. தோப்பில் ஒரே மாதிரி மண்ணும் ஈரமும் உள்ள மரங்களைச் சேர்த்து ஒரு கூட்டமாகப் பிரித்தோம். அந்தக் கூட்டத்துக்கு நம் படிப்பில் பிளாக் என்று பெயர். உன் அப்பா பழைய எண்ணெய் டின்னை வெட்டி, எண் குத்தி, எல்லா மரத்துக்கும் தகரம் செய்து தந்தார். கட்ட வேண்டிய அன்று நமக்கு செமினார். "மூணாம் பிளாக் பலா மரத்துக்கெல்லாம் இத மட்டும் கட்டிடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாய். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் பிளாக் என்றுதான் பெயர்; அங்கே ஒரு மனிதரிடம் மூணாம் பிளாக் என்றால் அவர் எங்கே போவார்? எங்கள் குவார்ட்டர்ஸ் இருக்கிற தெருவுக்குப் போனார். வீடு வீடாகக் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, பின்பக்கம் போய், பன்னிரண்டு பலா மரங்களில் தகரம் கட்டினார். சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி எங்கள் அம்மாவிடம் ஓடி வந்தார். "மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டுட்டாங்க, இனிமே பழத்த எண்ணி வாங்கிக்குவாங்களாம்!" சில வீடுகளில் அன்று இரவே பிஞ்சைப் பறித்துக் கறி சமைத்துவிட்டார்கள். மறுநாள் உன் அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நீ அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாய். தோப்புக்கு வேறு தகரம் வெட்டிக் கொடுத்தார்.

அப்புறம் டாக்டர் பட்டத்துக்கு எங்கே போவது என்கிற பேச்சு வந்தது. இருவரும் மரப்பயிரும் மரபியலும் சேர்ந்த புள்ளியியல்தான் என்று முடிவு செய்திருந்தோம். இரண்டு இடங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, பஸ்ஸில் அரை நாளில் போய்விடக்கூடிய ஒரு வேளாண் பல்கலைக்கழகம். துறைக் கட்டடத்தைத் தாண்டினால் சோதனை வயல். இன்னொன்று, வடக்கே பெரிய பெயர் உள்ள நிறுவனம். மரபணுத் தகவல்கள் அங்கே மலைபோலக் கிடக்கும், ஆனால் செடி இருக்காது. நான் பெயரைப் பார்த்தேன். நீ ஒரே ஒரு கேள்வியை வைத்திருந்தாய். "அளக்கறது யாரு, கணக்கு போடறது யாரு? ரெண்டும் வேற வேற ஆளுன்னா அந்த எடம் நமக்கு வேணாம்டி."

வேளாண் பல்கலைக்கழகத்தின் நேர்முகத்துக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஃபிக்ஸட் எஃபெக்ட் என்றால் என்ன, ரேண்டம் எஃபெக்ட் என்றால் என்ன? நான் புத்தகத்தில் உள்ளதை ஒப்பித்தேன். நீ சொன்னதை வெளியே வந்து எனக்கும் சொல்லிக் காட்டினாய். "சார், எங்க ஊர்ல பர்மனென்ட், கான்ட்ராக்ட்னு ரெண்டு இருக்கு. பர்மனென்ட் ஆளுன்னா பேரோட தெரியணும், அவரு என்ன செஞ்சாருன்னு தனியாப் பாக்கணும், அது ஃபிக்ஸட். கான்ட்ராக்ட்ல யாரு வந்தாங்கங்கறது முக்கியம் இல்ல. அவங்களுக்குள்ள எவ்ளோ ஏத்தத்தாழ்வுன்னு தெரிஞ்சாப் போதும். அதான் சார் ரேண்டம். எங்கப்பா ரேண்டம்." முதலில் சிரித்தார்களாம். அப்புறம் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டாராம். உனக்கு இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

இனி எழுதப் போவதை உன்னிடம் நேரில் சொன்னதே இல்லை. சேருவதாக உறுதி செய்ய உனக்கு ஏழு நாள் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, இந்தப் பலா மரத்தடியில் நின்றுகொண்டு, "நீ சொல்லுடி, போவட்டுமா?" என்று கேட்டாய். நான் சொன்னேன், அங்கே போனால் காலம் பூரா வரப்பு அளந்துகொண்டுதான் இருப்பாய் என்று. உன் மூளைக்கு அது சின்ன இடம், ஒரு வருஷம் பொறு, இருவரும் சேர்ந்தே வடக்கே போகலாம் என்றேன். கணக்கு, மரபியல், வெளிநாடு என்று என்னென்னவோ அடுக்கினேன். அத்தனையும் வாய்ச்சவடால். உள்ளே இருந்தது ஒன்றுதான். நீ போய்விடுவாய், நான் தேறாதவளாக இங்கேயே நிற்பேன். அது எனக்குப் பொறுக்கவில்லை.

நீ ஒத்துக்கொண்டாய். "சரி, சேந்தே போவலாம். வூட்ல கெடைக்கலன்னு சொல்லிடறேன். கெடச்சும் போவலன்னா எங்கப்பா தாங்க மாட்டாரு." அவ்வளவுதான். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷப்பட்டேன்.

அந்த வருஷம் நீ குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகப் போனாய். ஐப்பசி மழை பிடித்த ஒரு காலையில், ஸ்கூட்டியில், ஒரு லாரி. முதல் பீரியட் பெல் அடித்த நேரம் என்றார்கள். நீ அந்த ஏழு நாளுக்குள் சரி என்று எழுதியிருந்தால், அந்த நேரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் இட்லி சரியில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். ஒன்றுக்கொன்று தொடர்பு இருப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்று நாம் முதல் வருஷத்திலேயே படித்தோம். பரீட்சையில் அதற்கு நான் நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். எனக்கு அது ஒரு நாள்கூட உதவவில்லை.

துக்க வீட்டில் உன் அப்பா வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார். "அந்தப் படிப்புக்கு எடம் கெடச்சிருந்தா எம்பொண்ணு பொழச்சிருக்கும்." நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். கிடைத்திருந்தது என்று சொல்லவில்லை.

ஊருக்குத்தானே உபதேசம்? அடுத்த வருஷம் நான் இரண்டு இடத்துக்கும் விண்ணப்பம் போட்டேன். இரண்டிலும் கிடைத்தது. உன் இடத்தில் போய் உட்காரத் தைரியம் இல்லாமல் வடக்கே போனேன். கேட்டவர்களிடம் பெரிய நிறுவனம், நல்ல பெயர் என்றேன். அங்கே எனக்கு எண்கள் வருகின்றன. எங்கோ யாரோ அளந்து அனுப்புகிறார்கள். ஒரு மரத்துக்கு நேரே காலியாக இருந்தால் அது பட்டுப்போனதா, வெட்டினார்களா, அளக்கப் போனவருக்குக் காய்ச்சலா என்று தெரியாது. விட்டுப்போனது என்று குறியீடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன். நீ வேண்டாம் என்று சொன்ன இடம் இதுதான்.

இன்று மதியம் உங்கள் வீடு பூட்டியிருந்தது. அம்மா முந்திரி உடைக்கப் போயிருந்தார். நாளை கல்லறைத் திருநாள் என்பதால் அப்பா கல்லறைத் தோட்டத்தில் இருப்பார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கேதான் இருந்தார். புல்லையெல்லாம் செதுக்கிவிட்டு உன் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார்.

"வா பாப்பா. அப்பா ரிட்டயர் ஆயிட்டாராமே? குவாட்டர்ஸ் காலி பண்றீங்களா?"

தகரத்தை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் வெட்னது. இன்னும் இருந்துச்சா? துருவே ஏறல பாரு." சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன். உனக்கு இடம் கிடைத்ததை, நீ மறைத்ததை, உன்னைப் போகவிடாமல் நான் பேசியதை, ஏன் பேசினேன் என்பதையும் சொன்னேன். சுண்ணாம்பு அடிக்கும் மட்டை வாளியிலேயே நின்றது.

"எத்தன நாளு டைம் குடுத்திருந்தாங்க?" என்றார்.

"ஏழு நாளுப்பா."

"எந்த மாசம்?"

சொன்னேன். மனதுக்குள் கணக்குப் போட்டார். "அப்ப கான்ட்ராக்ட் மாறுதுன்னு எனக்கு வேல இல்ல. வூட்லதான் இருந்தேன். அந்த ஏழு நாளும் எம்பொண்ணு எதிர்லயே உக்காந்துக்கினு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லல பாரு."

நான் அழுதேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேனா என்று நினைவில்லை, கேட்டிருப்பேன். அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. மட்டையை எடுத்துச் சிலுவையின் மறுபக்கத்தை அடித்து முடித்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"இத்தினி வருசம் கழிச்சு, பாரத்த எங்கிட்ட எறக்கி வெச்சிட்டுப் போலாம்னு வந்தியாம்மா?"

அதற்குத்தான் போயிருந்தேன்.

"எங்கிட்ட எடம் இல்லம்மா." சுண்ணாம்புக் கையோடு தகரத்தை என் பக்கம் நீட்டினார். "நீயே வெச்சிக்க. மழ வர மாரி இருக்கு, பஸ்ஸப் புடி."

பஸ்ஸில் வரும்போது தகரம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நீயிருந்தால், "எங்கப்பா சரியாத்தான்டி சொல்லியிருக்காரு" என்பாய். அப்பாவை விட்டுக்கொடுக்கவே மாட்டாய். ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நேர்முகத்தில் நீ சிரிக்கச் சிரிக்கச் சொன்னதை நான் தினமும் செய்கிறேன். யார் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு மாறுகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். உன்னை அப்படி எழுத முடியவில்லை. நீ விட்டுப்போன இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை.

நாளைக் காலை ரயில். மூன்றாம் பிளாக் பதினோராவது மரம் எந்த ஆய்வின் கணக்கிலும் இல்லை. நாம் அதை அளக்கவே இல்லை. அதன் தகரம் என்னோடு வருகிறது.