மழைக்கு முன் மாற்றப்பட வேண்டிய மீட்டர்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
மராமத்து நடக்கும் மூலை வீடு,
பள்ளிக்கூடத் தெரு.

பெறுநர்
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின்வாரியப் பிரிவு அலுவலகம்.

பொருள்: வீட்டு மராமத்தின்போது தற்காலிகமாக மாற்றிவைக்கப்பட்ட மின் மீட்டரை நிலையான இடத்தில் பொருத்துதல் – ஈரம் பட்டால் இரும்புக் கேட்டில் மின்சாரம் பாய்தல் – தீர்க்கப்பட்டதாக முடித்துவைக்கப்பட்ட புகாரை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டின் முன்சுவரை இடித்து, ஓர் அறையும் போர்ட்டிகோவும் சேர்த்துக் கட்டி வருகிறோம். மீட்டர் அந்தப் பழைய சுவரில் இருந்தது. அதை மாற்றித் தரும்படி முறையாக விண்ணப்பித்தேன். தங்கள் அலுவலக லைன்மேன் வந்து மீட்டரைக் கழற்றி, ஒரு மரப்பலகையில் பொருத்தி, போர்ட்டிகோவின் புதுத் தூணில் தொங்கவிட்டார். கம்பத்திலிருந்து வரும் கம்பி அதுவரை எட்டவில்லை. ஒட்டுப் போட்டு டேப் சுற்றினார். கம்பி தொங்கக் கூடாது என்பதற்காக அதை இரும்புக் கேட்டின் மேல்சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். “கொஞ்ச நாள்தான் சார், சுவர் எழும்பினதும் வந்து ஏத்திடறேன்” என்றார். நல்ல மனிதர். பிறகு அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம்.

2. சுவர் எழும்பியது. அலுவலகத்தில் தெரிவித்தேன். பூச்சு நன்றாகக் காய்ந்தால்தான் மீட்டரை ஏற்ற முடியும் என்றார்கள். கொத்தனாரோ காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் அடித்தே ஆக வேண்டும் என்றார். “இப்பவே காயவிட்டா பாளம் பாளமா வெடிச்சிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.” ஒரே மாணவனை ஓர் ஆசிரியர் எழுந்து நிற்கச் சொல்லி, இன்னோர் ஆசிரியர் உட்காரச் சொன்னது போல இருந்தது. இருவர் சொன்னதும் நியாயமே. நாங்கள் தண்ணீர் அடித்தோம்.

3. அந்த வேலையை என் மருமகள் செய்து வந்தாள். மூன்று வயதுப் பேத்தியும் கூடவே நிற்பாள். ஒரு மாலை, அவள் சுவரை நனைத்து முடித்ததும், குழந்தை சிரித்துக்கொண்டே என்னிடம் ஓடி வந்தாள். “தாத்தா, கேட்டு கிச்சுகிச்சு மூட்டுது!” நாங்களும் சிரித்தோம். “ஏண்டி, தாத்தா மூட்டினா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறே, கேட்டு மூட்டினா மட்டும் சிரிப்பா?” என்று என் மனைவி அவளைச் சீண்டினாள். மறுநாளும் குழந்தை கேட்டிடம் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். குழாயில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டாலே, விளையாட்டை விட்டுவிட்டு எழுந்து போனாள். அப்போதுதான் எனக்கு ஏதோ உறுத்தியது. போய்க் கேட்டின் மீது புறங்கையை வைத்துப் பார்த்தேன்.

ஐயா, அது கிச்சுகிச்சு அல்ல.

4. மெயின் சுவிட்சை அணைத்தேன். வீட்டில் விளக்குகள் அணைந்தன. கேட்டில் பாய்வது நிற்கவில்லை. எங்கள் வீட்டு வயரிங் பார்ப்பவரை அழைத்தேன். தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு, “மீட்டருக்கு முன்னாடி வர்ற கம்பி வாரியத்தோடது சார். அதுல நான் கை வச்சா லைசென்ஸ் போயிடும். கவனமில்லாம வச்சா நானே போயிடுவேன்” என்றார். வகுப்பில் சொல்வது போலச் சொன்னால், வாய்க்கால் மதகை மூடினால் வயலுக்குப் போகும் தண்ணீர் நிற்கும். மேலே ஆற்றங்கரையில் கசிவது நிற்காது. எங்கள் கையில் இருப்பது மதகு மட்டுமே. கசிகிற கரை தங்கள் பொறுப்பில் இருக்கிறது.

5. புகார் கொடுத்தேன். ஈரத்தில் சோதிக்க இயலாது, தண்ணீர் அடிப்பதை நிறுத்திவைக்கவும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். நிறுத்தினோம். நல்ல வெயிலில், எல்லாம் உலர்ந்து கிடந்த நேரத்தில், ஆய்வாளர் ரப்பர் பூட்ஸ் அணிந்து வந்து கேட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக் காட்டினார். “இதோ பிடிச்சிருக்கேன். என்னைத் தூக்கியா அடிச்சுது? வயசானா விரல் மரத்துப்போறது சகஜம் சார்.” ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பூட்ஸைக் கழற்றிப் பிடித்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டேன். அவர் சிரித்தார். அவருடைய வண்டி தெருமுனையைத் தாண்டும் முன்பே, ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று என் கைப்பேசிக்குச் செய்தி வந்துவிட்டது.

வறண்ட கோடையில் ஆற்றைப் பார்த்துவிட்டு இங்கே வெள்ளமே வராது என்று எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் கொடுத்ததில்லை.

6. அன்றிலிருந்து சுவருக்குத் தண்ணீர் அடிப்பதில்லை. சுவரில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடத் தொடங்கிவிட்டன. ஓடட்டும். குளியலறை கட்டுவதற்காகப் பின்வாசலை அடைத்துவிட்டோம். ஆகவே போக வர இந்தக் கேட் ஒன்றுதான் வழி. காய்ந்த கட்டையால் தள்ளித்தான் திறக்கிறோம். முந்தாநாள் காலை பனியில் கேட் நனைந்திருந்தபோது, வழக்கமாக வரும் தெருநாய் அதன்மீது காலைத் தூக்கியது. அது போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். நாய் இப்போது இந்தத் தெருவுக்கே வருவதில்லை. அதற்கு ஒருமுறை போதுமானதாக இருந்தது.

7. பேத்தியை நாளை அவளுடைய தாய்வழிப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். என் கவலை அதோடு தீரவில்லை. எங்கள் போர்ட்டிகோ தெருவை ஒட்டி நிற்கிறது. மழை வந்தால் பள்ளிவிட்டுப் போகும் பிள்ளைகள் ஒதுங்குவதற்கு இந்தப் பக்கத்தில் வேறு கூரை இல்லை. ஒதுங்குகிற பிள்ளை சும்மா நிற்காது. கேட்டைப் பிடித்துத் தொங்கும். ‘தொடாதே, ஆபத்து’ என்று பலகை எழுதி மாட்டினேன். இரண்டு பிள்ளைகள் அதை உரக்கப் படித்தார்கள். “நீ தொடுடா பாப்போம்!” “நீ மொதல்ல தொடு, பயந்தாங்கொள்ளி!” வேலை செய்த காலமெல்லாம் பிள்ளைகளோடு இருந்தவன் நான், இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். கயிறு கட்டினேன். தாண்டிக் குதிக்க அது வாகான உயரமாம். அன்று கேட் காய்ந்திருந்தது.

8. மின்சாரம் என் பாடம் அல்ல. அதில் ஆய்வாளர் சொல்வதை நான் மறுக்கத் தகுதியற்றவனாக இருக்கலாம். மழை என் பாடம். காற்று திசை மாறிவிட்டது. நேற்று மாலை முதல் கீழ்வானத்தில் மேகம் தாழ்ந்து நிற்கிறது. புழுக்கம் கூடியிருக்கிறது. இந்த மழை பள்ளிவிடும் நேரத்தை அனுசரித்துப் பெய்யாது.

எனவே, மீட்டரையும் அதற்கு வரும் கம்பியையும் உடனடியாகப் புதுச்சுவருக்கு மாற்றித் தர ஆவன செய்ய வேண்டுகிறேன். பூச்சு இன்னும் முழுதாகக் காயவில்லை என்று விதி தடுக்குமானால், கம்பத்திலேயே எங்கள் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். அதற்கு எந்தச் சுவரும் காய வேண்டியதில்லை. நாங்கள் இருட்டில் இருந்துகொள்கிறோம். இதற்கு என் மனைவியும் மகனும் மருமகளும் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

அதுவரை, மேகம் கறுக்கும்போதே ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே தெருவில் உட்கார்ந்துவிடுவேன். பிள்ளைகளைக் கேட்டின் பக்கம் விடமாட்டேன். தங்கள் ஊழியர்கள் மழையில் வர நேர்ந்தால், கேட்டைத் தொடும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி அறிவுறுத்தவும். நாற்காலி காலியாக இருந்தால் தயவுசெய்து கேட்டின் அருகிலேயே வர வேண்டாம் என்றும் அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

இடம்: மேற்படி வீடு
நாள்: செவ்வாய்க்கிழமை முற்பகல், தூறல் தொடங்கும் முன்

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்