தெம்யோங்கின் நான்கு கிலோ

பிப்ரவரி 9
காலையில் விருந்தினர்களோடு முக்குளிக்கப் போக காற்றுச் சிலிண்டர்களைப் படகில் ஏற்றினோம். என் புருஷன் தெம்யோங்கின் சிலிண்டர் பட்டையில், தோள் உயரத்துக்கு, வழக்கம்போல இரண்டு ஈயக்கட்டிகளைச் செருகி இறுக்கினேன். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. முதுகுப்பக்கம் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை அவன். கல்யாணமான புதிதில் நான்கு கிலோ ஈயத்தில் மூழ்கினானாம், இன்றைக்கும் அதே நான்குதானாம். தொப்பை மட்டும் தன்பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. கொழுப்பு மிதக்கும் என்பது எங்கள் அனிலாவோ கடற்கரை நண்டுகளுக்கும் தெரியும். இடுப்பு பெல்ட்டில் கூட்டினால் தண்ணீருக்குள் கால் தொங்கும், கண்டுபிடித்துவிடுவான். அதனால்தான் மேலே.

பிப்ரவரி 10
தண்ணீருக்குள் அவன் பாய் விரித்தாற்போல மட்டமாகக் கிடப்பதைக் முக்குளிக்க வந்த கொரியப் பெண்மணி ஒருத்தி படம் எடுத்துக் காட்டினாள். "எல்லாம் மூச்சுதாங்க" என்றான்.
மூச்சாம்!

பிப்ரவரி 14
காதலர் தினப் பரிசு கிடைத்தது. மதியச் சாப்பாட்டில், விருந்தினர் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் காட்டி: "எனக்கு நாலு கிலோ போதும். நம்ம லூடிங்குக்கு ஆறு வேணும். பொம்பளைங்களுக்குப் பயம் ஜாஸ்தி. பயம் மிதக்கும்ல?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
சாயங்காலம் அந்த இரண்டு கட்டிகளையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 15
மிதவை ஜாக்கெட்டில் இருந்த காற்றையெல்லாம் விட்டும் இறங்கவில்லை. தேங்காய் மாதிரி மிதந்தான். "என்னண்ணே, கடல் உங்கள வேணாங்குதா?" என்றான் படகோட்டி காத்யோ. கடைசியில் தலைகீழாகி, காலை உதைத்து உதைத்து ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தான். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

அதே நாள், மாலை
காற்று தீரத் தீர சிலிண்டர் லேசாகும் — எனக்குத் தெரியாதா? தெரியும். இறங்கும்போது திண்டாடட்டும் என்று மட்டும்தானே நினைத்தேன்? ஐந்து மீட்டர் ஆழத்தில் கொஞ்ச நேரம் நின்று வரவேண்டியவன் நிற்க முடியாமல் நேராக மேலே வந்தான். வேறொரு படகு திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டு மிதவை மூங்கில் நெற்றியில் அடித்தது. ரத்தம். நான்தான் குதித்து இழுத்து வந்தேன். இன்னும் ஒரு கை தள்ளி வந்திருந்தால் என்ஜின் விசிறியில் சிக்கியிருப்பான். ஐயோ, என்னடி பண்ணித் தொலைச்சே?

பிப்ரவரி 16
ஏழு தையல். "சிலிண்டர் சரியில்ல" என்கிறான், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம். சொல்லிவிடலாமா? வாய்வரை வந்தது. கோழிக்கஞ்சி ஊட்டினேன்.

பிப்ரவரி 17
சொல்லிவிட்டேன். "மாசக்கணக்கா ஒனக்கு ரெண்டு கிலோ கூடுதலாக் கட்டினது நான். அன்னிக்குக் கழட்டினதும் நான்தான்."
கூரையைப் பார்த்தபடியே, "தெரியும்" என்றான்.
"என்னய்யா தெரியும்?"
"நீ கட்டறது. போன மழைக்காலத்துலேருந்தே தெரியும். அன்னிக்கும் நீ கட்டியிருப்பேன்னு நம்பித்தான் குதிச்சேன்."
தெரிந்துகொண்டேவா ஊர் முன்னால் என் ஆறு கிலோவைப் பேசினான்? நெற்றியில் தையல் இருந்தது, பிழைத்தான்.
ஆனால் அவன் வீம்பில் குதிக்கவில்லை, என்னை நம்பிக் குதித்திருக்கிறான்.

மார்ச் 8
மருத்துவர் கடலுக்குப் போகலாம் என்றுவிட்டார். படகு நிறையப் புது விருந்தினர். காத்யோ ஈயப் பெட்டியைத் திறந்து, "நாலுதானேண்ணே?" என்றான்.
தெம்யோங் என்னைப் பார்த்தான். நான் முக்குளிப்புக் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.
"ஆறு" என்றான், எல்லோர் காதிலும் விழும்படி. "நம்ம லூடிங் அளவுதான் எனக்கும்."
பிறகு குரலைத் தணித்து, "அந்த ரெண்ட எங்கடி கட்டுவே?"
"தோள்பக்கம். நீயே கட்டு."
குனிந்து கட்டினான். பட்டை தளர்ந்திருந்தது. அவிழ்த்து மறுபடி இறுக்கச் சொன்னேன்.