சொல்வழி கேளாத மணிக்கூடு

11 ஓகஸ்ட் 2010, புதன்

இவருடைய உணவகத்து முதலாளி ஒரு சுவர் மணிக்கூடு கொடுத்துவிட்டிருக்கிறார். வெயில் வெளிச்சத்தில் ஓடுமாம். ஜேர்மனியிலிருந்து வானொலி அலையில் நேரம் வருமாம், தானே சரிசெய்துகொள்ளுமாம். குசினியில், சமையல் மேடைக்கு மேலே சுவரில் மாட்டியதும் இவர் செய்த முதல் வேலை, அதைப் பதினைந்து நிமிடம் முன்னே தள்ளியதுதான். பழையதும் அப்படித்தான் ஓடியது. "அப்பதான் வேலைக்குப் பிந்தாமல் போகலாம்." பிறகு அதைப் பார்த்து மனதுக்குள் பதினைந்தைக் கழித்துவிட்டு இன்னும் படுத்திருப்பார். நல்ல கூத்து.

20 ஓகஸ்ட்

நின்றுவிட்டது. நிற்காமல் என்ன செய்யும்? கீழ்வீடு. தெருவில் போகிறவன் பார்ப்பான் என்று ஜன்னலின் பலகைக் கதவை, வொலேயை, இவர் திறக்கவே விடுவதில்லை. கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து எனக்குப் பகலும் லைட் வெளிச்சம்தான்.

22 ஓகஸ்ட்

குப்பை போடப் போன இடத்தில் மூன்றாம் மாடி ஜிஸ்லேன் அம்மாவைக் கண்டேன். பாண்டிச்சேரிக்காரர். "வெளிச்சமே காட்டாம அது எப்படிம்மா ஓடும்? வொலேயத் தொறந்து ஜன்னல் கிட்ட மாட்டு. ராத்திரி சிக்னலும் கிடைக்கும்." பிறகு, "நீ ஏன் பிரெஞ்சு கிளாஸ் போகல?" என்று கேட்டார். செப்டெம்பர் 14 காலை ஒரு சங்கத்தில் பதிகிறார்களாம். ஒன்பதரைக்குப் பூட்டிவிடுவார்களாம்.

இவரிடம் கேட்டேன். "பாஷை தெரியாமல் தனியப் போய்த் துலைஞ்சு போவாய்."

பாஷை படிக்கத்தானே கேட்கிறேன்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடான்.

24 ஓகஸ்ட்

இரண்டு நாள் நான் கதைக்கவில்லை. "சரி சரி, நானே கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

1 செப்டெம்பர்

மணிக்கூட்டை ஜன்னலருகே மாட்டியாயிற்று. இவர் வேலைக்குப் போனபின் வொலே திறக்க அனுமதி. எனக்காக இல்லை, மணிக்கூட்டுக்காக! வெயில் மேசைவரை வந்தது. அழுதுவிட்டேன். ஏனென்று தெரியவில்லை.

12 செப்டெம்பர்

திரும்பவும் பதினைந்து நிமிடம் தள்ளிவிட்டார். "இரவிலை அது தானாச் சரியாகிவிடும், ஜிஸ்லேன் அம்மா சொன்னவ" என்றேன்.

"ஜேர்மன்காரனோ என்ரை வீட்டிலை நேரம் சொல்லுறது?"

14 செப்டெம்பர், செவ்வாய்

விடியவே வெளிக்கிட்டு நின்றேன். மணிக்கூட்டில் ஒன்பதேகால்.

"நேரம் போயிட்டுதப்பா, எழும்புங்கோ."

"இப்ப ஒம்பதுதான். பதினைஞ்சு நிமிசம் கூட ஓடுது."

நானும் நம்பினேனே! இந்த வீட்டில் இருந்து இருந்து எனக்கும் கழித்துப் பழகிவிட்டது. போனபோது கதவு பூட்டிக் கிடந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் கண்ணாடிக்கூடாகக் கையை விரித்தாள். அடுத்த பதிவு ஜனவரி 11 என்று கதவில் ஒட்டியிருந்தது. இவர் போனை எடுத்து நேரம் பார்த்தார். ஒன்பது நாற்பது. மணிக்கூடு இரவே தானாகச் சரியாகியிருக்கிறது.

அந்த இடம் இரண்டே தெரு தள்ளி. இரண்டு தெரு!

15 செப்டெம்பர்

சமைக்கவில்லை.

9 ஒக்டோபர்

இவர் ஒவ்வொரு நாளும் தள்ளுகிறார், விடிய அது தன் நேரத்துக்கே வந்து நிற்கிறது. "கோதாரி விழுந்த சாமான், சொல்வழி கேக்குதில்லை." எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

2 டிசம்பர்

இப்போது தள்ளுவதில்லை. ஆனால் கழிப்பதை விடவில்லை.

11 ஜனவரி 2011, செவ்வாய்

இன்றும் அதே கதை. "எழும்புறன், இன்னும் நேரம் கிடக்கு" என்று போர்வையை இழுத்தார். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது என்றால் ஒன்பதுதான். ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். தெருவில் இறங்கியதும் திரும்பிவிடுவேனோ என்று பயந்துதான் வேகமாக நடந்தேன்.

பதிந்துவிட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. என் பெயரை அந்தப் பெண் மூன்று தரம் பிழையாகச் சொன்னாள், நான் மூன்று தரமும் திருத்தினேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் மணிக்கூட்டுக்கு முன்னால் நிற்கிறார், வெறுங்காலோடு. ஏசுவார் என்று நினைத்தேன்.

"இப்ப சரியா எத்தினை மணி?" என்று கேட்டார்.

"அதிலை காட்டுறதுதான்."

வொலே அகலத் திறந்து கிடந்தது. நான் போகும்போது அது சாத்தித்தான் இருந்தது.