நின்று நின்று போன வண்டி

1993 ஜூலை 11, ஞாயிறு
காலையிலேயே வெயில். பூசைக்குப் போகலை. தலைவலின்னு சொல்லியாச்சு.

கொழுந்தன் சேவியர் வந்து பைக் மேல இருந்த தார்ப்பாயை எடுத்தான். வீட்டுக்காரர் ஜோ. காமாலையில செத்துப்போனதிலேருந்து மூடியே கிடந்தது. "அண்ணி, அடுத்த ஞாயிறு ஒருத்தர் வண்டியை வாங்க வரார். ஒழுங்கா வச்சுப்பார்." சரின்னேன். இப்பல்லாம் எதுக்கும் சரின்னுதான் வருது.

உதைச்சான், ஸ்டார்ட் ஆச்சு. சத்தம் கேட்டு மாடி வீட்டு அக்கா ஓடிவந்து கேட்டைத் திறந்தாங்க, ஜோ.வுக்குத் திறந்த பழக்கத்துல. என்னைப் பார்த்ததும் கேட்டைப் பிடிச்சுக்கிட்டே நின்னுட்டாங்க. எனக்கு ஒண்ணும் தோணலை. போய் மாவு ஆட்டினேன்.

ரவுண்டு போன சேவியர் தள்ளிக்கிட்டே வந்தான். ரயில்வே கேட் கிட்ட நின்னுடுச்சாம்.

13, செவ்வாய்
வாங்க வேண்டியது: பால், ரவை, தீப்பெட்டி. ஷூ பாலிஷ் வேண்டாம்.

மெக்கானிக் வந்தான். பிளக் மாத்தினான், கார்பரேட்டரைக் கழுவினான். "எல்லாம் கிளீனா கீதுக்கா. நல்லா ஓடிகினே இருக்கு, அப்பால நின்னுடுது. பேஜார் புடிச்ச வண்டி." கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடும். மறுபடி நிக்கும்.

15, வியாழன்
தூறல். காலேஜ் லேப்ல பிராக்டிகல். "மேடம், பியூரெட்ல ஆசிட் இறங்கலை"ன்னு ஒரு பொண்ணு. தூசி விழாம கண்ணாடிக் குழாய் மேல வச்ச ரப்பர் அடைப்பை எடுக்கவே இல்லை. எடுத்தேன், இறங்குச்சு. மேலே காத்து போகலைன்னா கீழே சொட்டாது. வருஷா வருஷம் சொல்றதுதான்.

பஸ்ல வரும்போது வண்டி ஞாபகம்.

வீட்டுக்கு வந்ததும் டேங்கிலேருந்து கார்பரேட்டருக்குப் போற டியூபை உருவி பாட்டில்ல விட்டேன். நல்லா கொட்டுச்சு. மெலிஞ்சு நூல் மாதிரி ஆச்சு. நின்னுடுச்சு. டேங்க் மூடியைத் திறந்தேன். புஸ்ஸுன்னு காத்து உள்ளே போச்சு, மறுபடி கொட்டுச்சு.

மூடியில காத்து போக ஒரு சின்ன ஓட்டை. அதுல குளவி மண். தார்ப்பாய்க்குள்ள எப்படிப் போச்சோ. ஊக்கால குத்தி எடுத்தேன். பாட்டில்ல பிடிச்சதைத் திரும்ப டேங்க்ல ஊத்தினேன். அவ்வளவுதான் வேலை.

கையெல்லாம் பெட்ரோல் வாசனை. சோறு இறங்கலை. கழுவவும் இல்லை.

17, சனி
லீவு. சுடிதார் போட்டுக்கிட்டு பொத்தேரி வரைக்கும் போய்வந்தேன். கல்யாணமான புதுசுல ஜோ. எனக்கு வண்டி பழக்கினது அந்தப் பக்கம்தான். டீக்கடையில எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. வண்டி நிக்கலை. சந்தோஷம் வருதான்னு பார்த்தேன். வரலை.

18, ஞாயிறு
வாங்க வந்தவர் காபி குடிச்சார். சேவியர் சாவி கேட்டான்.

"விக்கலை. நானே ஓட்டப் போறேன்."

"பொம்பளை எப்படி அண்ணி இதை..."

"நேத்து பொத்தேரி போய்ட்டு வந்தேன்."

வாங்க வந்தவர் போனதும் சேவியர் படியிலேயே உக்காந்து அழுதான். "அந்தச் சத்தம் கேட்டா அண்ணன் வர மாதிரியே இருக்கு அண்ணி. அதான் கொடுத்துடலாம்னு." தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். எனக்கு அழுகை வரலை.

19, திங்கள்
காலேஜுக்கு வண்டியில. பல்லாவரம் கிட்ட விக்கி விக்கி நின்னுது. இறங்கி மூடியைத் திறந்து பார்த்தேன். அடைப்பில்லை. பெட்ரோல்தான் தீர்ந்திருக்கு. டேங்க் அடியில மிச்சம் இருக்கிற ரிசர்வ்ல திருப்பி பெட்ரோல் பங்க்குக்குப் போனேன்.

"எவ்ளோ போடணும் மேடம்?"

அப்பதான் உறைச்சுது. இது வரைக்கும் ஓடினது ஜோ. போட்டுட்டுப் போன பெட்ரோல்.

"மேடம், பின்னாடி வண்டி நிக்குது."

வாயைத் திறந்தேன். மூணு மாசமா வராத அழுகை, அங்க, அத்தனை பேர் முன்னாடி. பங்க் ஆள் பைப்பைக் கையில வச்சுக்கிட்டே தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

அப்புறம் வரேன்னு சொல்லிட்டு ரிசர்வ்லயே காலேஜ் போனேன். ரிசர்வ்லயே வீட்டுக்கும் வந்துட்டேன்.