பளபளப்பு மேலே, மங்கல் கீழே

4 பிப்ரவரி 1978, சனி

டைமர் வேலை செய்கிறது. மூன்று வாரமாக உயிரை வாங்கிய சனியன் இன்று மத்தியானம் ‘டக்’ என்று ஒட்டி, சரியாகப் பத்து விநாடியில் ‘டக்’ என்று விட்டது. அதிலிருக்கிற ரிலே ஸ்விட்ச் எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கழித்துப்போட்டது, சூப்பர்வைசரிடம் கேட்டுத்தான் எடுத்து வந்தேன். பெட்டி சோப்பு டப்பா. படம் பெரிசாக்குகிற என்லார்ஜரோ பழைய மைலோ டின். ஈப்போவில் சொந்தமாக என்லார்ஜரும் டைமரும் செய்து வைத்திருக்கிற ஒரே தமிழன் இந்தப் பத்துமலையாகத்தான் இருக்கும். வேறு யாராவது இருந்தால் வந்து காட்டட்டும்.

குளிக்கிற அறையை மறுபடி நான் பிடித்துக்கொண்டதில் அம்மாவுக்குக் கோபம். ஜன்னலுக்குக் கம்பளி, கதவிடுக்கில் சாக்கு, உள்ளே சிவப்பு பல்பு. சீனர்கள் வீட்டில் சாமி மேடைக்குப் போடுகிற அதே பல்புதான், போட்டோ பேப்பரை ஒன்றும் செய்யாது. “குளிக்கிற ரூம்ல சீனன் கோயில் கட்டிட்டான். இவன மொதல்ல தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்” என்று அம்மா பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி அங்கே இருப்பதால் அந்த ஊர் பேரே எங்களுக்கெல்லாம் வசவாகிவிட்டது.

தங்கச்சி மங்களம் கதவுக்கு வெளியே நின்று ஏதோ ஃபாரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். ரிலே அப்போதுதான் ஒட்டியது. ‘ம்’ என்றேன்.

12 பிப்ரவரி, ஞாயிறு

மங்களத்துக்குப் பிரிண்ட் போடக் கற்றுக்கொடுத்தேன். பொண்ணு கெட்டிக்காரி. நான் மருந்து கலக்கும்போது அவள் நெகட்டிவை மாட்டுவாள். எல்லாரும் தப்பு விடுகிற இடம் அதுதான். பிலிமில் ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். பளபளப்பு மேலே இருக்கவேண்டும். ஓரத்தில் உள்ள நம்பரை மேலிருந்து பார்த்தால் நேராகப் படிக்க வரவேண்டும். மாற்றிப் போட்டால் படத்தில் இடது வலதாகிவிடும். “பளபளப்பு மேலே, மங்கல் கீழே, நம்பர் நேரே” என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே போட்டாள். பதினோரு படம், ஒன்றுகூடத் தப்பில்லை.

குனோங் செரோ மலைப் படம் நன்றாக வந்திருக்கிறது. சுண்ணாம்புக் கல்லில் ஒவ்வொரு வெடிப்பும் தெரிகிறது. வெளிச்சம் அளக்கிற மீட்டரும் நான் செய்ததுதான் என்று யாராவது கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்பதில்லை.

19 பிப்ரவரி, ஞாயிறு

பாகான் செராயிலிருந்து சின்னையா மாமா வந்தார். அம்மாவோட அண்ணன். கையில் வாழைத்தார், வாயில் கல்யாணப் பேச்சு.

மாப்பிள்ளை ராஜு. அங்கே ஒரு நெல் ஆலையில் கணக்கெழுதுகிற கிராணி வேலை. குடி இல்லை, சீட்டு இல்லை. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு ரெண்டே கண்டிஷன். மருமகள் வேலைக்குப் போகக்கூடாது. அப்புறம், மச்சம். பொம்பளைக்கு இடது பக்கம் மச்சம் இருந்தால் வீடு விளங்குமாம், வலது பக்கம் இருந்தால் மாமியாருக்கு ஆகாதாம். மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்: “நம்ம புள்ளைக்கு இடது கன்னத்துல எள்ளு மாதிரி ஒக்காந்திருக்கு. சொல்லிட்டேன். போட்டோ மட்டும் குடுத்துட்டா முடிஞ்சிரும்லா.”

மாமா பசியாறிவிட்டுப் போனதும் மங்களம் ஃபாரத்தைக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தாள். நர்ஸ் பயிற்சிக்கு. தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில். (அன்றைக்குச் சொன்னது இதைத்தானா?) அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பைத்தியங்களோட என் பிள்ளை இருக்கணுமா, எவன் கட்டுவான், அப்பா போன வீட்டில் இப்படியா என்று ஒரு பாட்டம். கடைசியில், “ஃபாரத்தப் போடறதுன்னா போடு. ஆனா மொதல்ல கல்யாணம். அப்புறம் ஓம்புருசன் விட்டா போ.”

விடமாட்டார்கள் என்றுதான் மாமா இப்போது சொல்லிவிட்டுப் போனாரே.

“எனக்கு வேலைக்குத்தான் போகணும். நீ என்னண்ணே சொல்றே?” என்று மங்களம் என்னைப் பார்த்தாள். ரெண்டும் நல்லதுதானே என்றேன். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். நேரமெல்லாம் ஆகவில்லை. பொம்பளைகள் சண்டையில் நான் என்ன பண்ணுவது.

25 பிப்ரவரி, சனி

படம் எடுத்தாயிற்று. பின்கட்டில், காலை ஒன்பது மணி வெளிச்சம். வெள்ளைப் பெட்ஷீட்டைக் கொடியில் கட்டி வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பினேன். ஸ்டுடியோக்காரன் பார்த்தால் அழுவான்.

பன்னிரண்டாவது படம் மாப்பிள்ளை வீட்டுக்கு. பதினைந்தாவது ஃபாரத்தில் ஒட்ட. அதே சேலை, அதே ஸ்டூல்.

மீட்டரைக் கன்னத்துக்கிட்டே பிடித்துக்கொண்டிருந்தேன். “அண்ணே, எனக்கு அந்த எடம் வேணாண்ணே. நீ அம்மாகிட்ட பேசேன்” என்றாள். தலையை ஆட்டாதே, முள் நிற்கமாட்டேங்குது என்றேன். ஆட்டாமல் உட்கார்ந்தாள். முள் நின்றது.

26 பிப்ரவரி, ஞாயிறு

அற்புதம். நானே சொல்லிக்கொள்ளக்கூடாது, ஆனாலும் அற்புதம். சேலைக் கரையின் நெசவு தெரிகிறது. கண்ணுக்குள்ளே பெட்ஷீட்கூடத் தெரிகிறது. நான் மருந்தைக் கலந்து டைமரைத் திருப்ப, மங்களம் நெகட்டிவை மாட்ட, ஒரு மணி நேரத்தில் ரெண்டு படமும் முடிந்தது.

அம்மா ஈரப் படத்தைக் கையில் வாங்கி, “களையா இருக்கா” என்று மட்டும் சொன்னாள். கண் கலங்கியிருந்தது.

மங்களம்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். “கண்ணாடியில பாக்குற மாதிரியே இருக்குண்ணே” என்றாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டு வருவது அபூர்வம். ராத்திரி சோறு ஒரு பிடி கூடவே இறங்கியது.

27 பிப்ரவரி

மாமா வந்து படத்தை வாங்கிப்போனார். பார்க்கக்கூட இல்லை, நேரே பையில் போட்டார். பொறந்ததிலிருந்து பார்க்கிற முகம்தானே. மங்களத்தின் ஃபாரமும் தபாலில் போய்விட்டது.

5 மார்ச், ஞாயிறு

மழை. குட்டையில் ஈயம் வாருகிற ஈயக்கப்பலைப் படம் எடுக்கப் போய், நனைந்து, வாத்து மாதிரி திரும்பி வந்தேன். காமிராவை மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் காப்பாற்றிவிட்டேன். எனக்குத் தும்மல்.

11 மார்ச், சனி

வீடு வீடாக இல்லை.

மாமா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை. படத்தை மேசையில் போட்டு அம்மாவிடம் சொன்னார். “பொய் சொல்லி பொண்ணக் குடுக்கப் பாத்தீங்களான்னு கேக்குறாங்க, முத்தம்மா. மச்சம் வலது பக்கம் இருக்காம். எடதுன்னு சொன்னது நானு. அந்தம்மா நாலு பேரு முன்னால படத்த நீட்டி, ஒமக்குக் கண்ணு தெரியாதான்னு கேட்டுச்சு. இந்த வயசுல எனக்கு இது தேவையா?”

அம்மா படத்தைப் பார்த்தாள். மங்களத்தைப் பார்த்தாள். மறுபடி படத்தை. பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் மச்சத்தைப் பார்க்கவே இல்லை, தோளைப் பார்த்தேன். முந்தானை வலது தோளில் கிடக்கிறது. எந்தத் தமிழச்சி வலது தோளில் முந்தானை போடுவாள்? நெகட்டிவ் திரும்பி இருக்கிறது. நெசவைப் பார்த்தேனாம், கண்ணுக்குள்ளே பெட்ஷீட்டைப் பார்த்தேனாம். அட முட்டாளே, கண்ணுக்கு முன்னால இருந்த தோளப் பாக்கலியே நீ.

மாமாவுக்கு விளக்கிச் சொன்னேன். பாதி புரிந்தது. “அப்ப சரியான படத்தப் போட்டு நீயே எடுத்துட்டு வா. தப்பு உன்னோடதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லு. சொன்னா ஒத்துக்குவாங்க, பையன் வீட்டுக்குப் பொண்ணு பிடிச்சிருக்குலா.” அம்மாவும் அதையேதான் சொன்னாள். அடுத்த ஞாயிறு நான் பாகான் செராய் போகவேண்டும்.

மங்களம் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள்.

14 மார்ச், செவ்வாய்

வேலை முடிந்து வந்து, சரியான படத்தைப் போட உட்கார்ந்தேன். ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஃபாரத்துக்குப் போட்டதில் ஒரு பிரிண்ட் கூடுதலாக வைத்திருந்தோம், அதை எடுத்துப் பார்த்தேன். பதினைந்தாவது படம். மச்சம் இடது பக்கம், முந்தானை இடது தோள். சுத்தமாகச் சரி.

ஒரே பிலிம். ஒரே நாள். ஒரே மணி நேரம். ஒன்று சரி, ஒன்று திரும்பி. பன்னிரண்டை மாட்டியதும் அவள்தான், பதினைந்தை மாட்டியதும் அவள்தான். “பளபளப்பு மேலே, மங்கல் கீழே” என்று பாடிக்கொண்டே போட்டவள். பதினோரு படத்தில் ஒன்றுகூடத் தப்பு விடாதவள்.

கூப்பிட்டுக் கேட்டேன். ஒளிக்கவே இல்லை.

“ஆமாண்ணே. நான்தான் திருப்பிப் போட்டேன்.”

“அம்மா எவ்ளோ அழுதுச்சு, மாமாவுக்கு எவ்ளோ அவமானம் — என்கிட்ட சொல்லியிருந்தா நான் பேசியிருக்கமாட்டேனா?”

“மூணு தடவ சொன்னேண்ணே.”

“எப்ப சொன்னே?”

“நீதான் தெனம் எழுதறியே. பாரு.”

அவ்வளவுதான். அரிசி களையப் போய்விட்டாள்.

பார்த்தேன். பிப்ரவரி நாலு — ‘ம்’ என்றேன். பத்தொன்பது — பேட்டரி. இருபத்தைந்து — முள். என் கையெழுத்திலேயே இருக்கிறது, எல்லாம். முள் நின்றது என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்குடா பத்துமலை.

15 மார்ச்

இன்றைக்குக் காமிராவைத் தொடவில்லை.

19 மார்ச், ஞாயிறு

காலையில் அம்மா என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டிருந்தாள். எட்டரை பஸ். சட்டையைப் போடாமல் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன்.

“நான் போகலம்மா.”

“ஏன், காய்ச்சலா?”

“மங்களத்துக்கு அந்த எடத்துல விருப்பமில்ல. அவ நர்ஸ் வேலைக்குப் போகட்டும். மாமாகிட்ட நான் பேசிக்கிறேன். அந்த ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டுபோய் விடறேன், வாராவாரம் போய்ப் பாக்குறேன்.”

அம்மா மங்களத்தைத் திரும்பிப் பார்த்தாள். “எங்கிட்ட ஏண்டி அப்படிச் சொல்லல?”

“உங்கிட்ட சொன்னா நீ அழுவே. அண்ணங்கிட்ட சொன்னா ‘ம்’னும்.”

நான் படம் ரெண்டையும் மேசையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பன்னிரண்டு, பதினைந்து. யார் திருப்பினது என்று கேட்டால் நான்தான் என்று சொல்ல வாயில் தயாராக வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

“மாப்பிள்ள வீட்டுக்கு எடுத்ததுல உம்முன்னு இருக்கா. ஃபாரத்துக்கு எடுத்ததுல சிரிக்கிறா” என்றாள்.

ஒரு வாரமாக அந்தப் படங்களோடேயே குடித்தனம் பண்ணுகிறேன். நான் அதைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அம்மா வெங்காயம் உரித்தாள். வெங்காயமா, அழுகையா, தெரியாது. பன்னிரண்டு மணிக்கு, “எங்கண்ணனுக்கு நானே சொல்லிக்கிறேன். என் பொண்ணப் பொய்க்காரின்னு சொன்ன வீட்டுக்கு நான் பொண்ணு குடுக்கமாட்டேன். அவங்க கெஞ்சினாலும் குடுக்கமாட்டேன்” என்றாள். அவர்கள் மங்களத்தைப் பொய்க்காரி என்று சொல்லவே இல்லை, மாமாவைத்தான் சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டேன். சிலநேரம் மூடிக்கொள்வதும் நல்லதுதான்.

வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். மூன்று பேரும் ஒரே சட்டையில் அல்ல, சட்டை போட்டது நான்தான். இன்றைக்கு எனக்கு எழுதக்கூட வரவில்லை.

12 ஏப்ரல், புதன்

நேர்முகத்துக்குக் கடிதம் வந்துவிட்டது. மங்களம் என்னைக் கூப்பிட்டாள். சூடான சாலிடரிங் இரும்பைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். வைத்த இடத்தில் மேசை ஓட்டையாகிவிட்டது.

10 செப்டம்பர், ஞாயிறு

தஞ்சோங் ரம்புத்தான். அம்மா எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஊருக்கு மகளை அனுப்பிவிட்டு, நெத்திலிச் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். பயிற்சிக்குச் சேர்ந்து ரெண்டு மாதம். வெள்ளைச் சீருடை, வெள்ளைத் தொப்பி, கொளுத்துகிற வெயில். எந்த மீட்டருக்கும் கஷ்டமான காட்சி, தெரிந்துதான் போனேன்.

ஒரு மரத்தடியில் நிறுத்தினேன். அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். காளியம்மா என்று ஒரு பாட்டியாம், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவள். தினமும் விடியுமுன் எழுந்து, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நேரமாச்சு, வாளி எங்கே என்று கேட்பாளாம். மற்றவர்கள் தோட்டமெல்லாம் இல்லை, படு என்பார்களாம். மங்களம் ஒரு வாளியைக் கையில் கொடுத்து, இன்னைக்கு மழை, மரம் வெட்டு இல்ல ஆயா என்பாளாம். உடனே பாட்டி சந்தோஷமாகப் படுத்துக்கொள்வாளாம். “மழை நாள்னா தோட்டத்துல லீவுதானேண்ணே” என்று சிரித்தாள். அப்போதுதான் எடுத்தேன்.

மீட்டர் பையிலேயே இருந்தது. பஸ் ஏறினபிறகுதான் ஞாபகம் வந்தது.

17 செப்டம்பர், ஞாயிறு

பிரிண்ட் போட்டேன். எதிர்பார்த்ததுதான், ஒளி கூடிப்போய் முகம் பாதி வெளுத்துவிட்டது. சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இதைக் காட்டவேண்டாம், அடுத்த மாதம் வேறு எடுக்கலாம் என்று நினைத்தேன். அம்மா அதற்குள் கொடியிலிருந்து எடுத்துவிட்டாள்.

வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

“மச்சத்தக் காணோமேடா.”

“வெளிச்சம் கூடிப்போச்சும்மா. அவ பேசிக்கிட்டிருந்தா, கேட்டுக்கிட்டே எடுத்துட்டேன்.”

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, “இந்தத் தடவ பிலிம மாட்டினது யாரு?”

“நாந்தாம்மா.”

“அப்பச் சரி” என்றாள். சுத்தியலும் ஆணியும் கொண்டுவரச் சொன்னாள். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம்.