மதியைக் கூட்டிப்போக வந்த ஆட்டோ

விருத்தாசலம்,
16.7.2006

மதி அப்பாவுக்கு நீலாவதி எழுதுவது. நானும் மதியும் நலம். உங்கள் இருமல் நின்றதா? மஸ்கட் வெயிலுக்கு ஐஸ் தண்ணியாகக் குடித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டேன். இனி என் வயிற்றெரிச்சலையும் கொஞ்சம் கேளுங்கள்.

மதியைச் சிறப்புப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கூட்டிவரும்படி உங்கள் அண்ணனிடம் சொல்லியிருக்கிறீர்கள். பெற்றவள் நான் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? தம்பி பொண்ணு மண்ணு பெசையுதுன்னு ஊரே பேசுது என்று அவர் சொன்னாராம், உடனே உங்களுக்கு மானம் போய்விட்டதாம்.

அவள் மண் பிசையவில்லை. அங்கே கைத்தொழில் வகுப்பில் பீங்கான் பொம்மை செய்யச் சொல்லித் தருகிறார்கள். அச்சிலிருந்து எடுத்த யானையின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை ஈரப் பஞ்சால் துடைக்கிறாள். அதுவும் எந்தக் கையால்? பிறந்ததிலிருந்து மூடியே கிடந்ததே, அந்த வலது கையால். பூர்ணிமா டீச்சர் தினமும் விரல் விரலாகப் பிரித்துவிட்டதில், இப்போதுதான் பஞ்சைப் பிடிக்க வந்திருக்கிறது. பயிற்சியில் அழுகிறாள்தான். அழுது முடித்ததும் டீச்சர் மடியிலேயே சாய்ந்துகொள்கிறாள், என்னிடம் வருவதில்லை. அந்த எரிச்சல் எனக்குத் தனி.

வெள்ளிக்கிழமை உங்கள் அண்ணன் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஆட்டோ பிடித்து நேராகப் பள்ளிக்கே போய்விட்டார். டீச்சர் ஆள் அனுப்பித்தான் எனக்குத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். உங்கள் மகள் பொம்மை மேசையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கப் பார்க்கிறார். வாடி தங்கம், பெரியம்மா வூட்டுல கறிக்கொழம்பு வெச்சிருக்குது என்று கொஞ்சல் வேறு. காயாத யானைகள் சரிந்து கீழே விழுகின்றன.

மதிக்கு முகமெல்லாம் கோணிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சை இழுத்து இழுத்து, மா... மா... என்று திணறினாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று கிட்டே போனேன். மாட்டேன் என்றாள். அங்கிருந்த அத்தனை பேரும் கேட்டோம். பேச்சுப் பயிற்சியில் அம்மா சொல்லு, அம்மா சொல்லு என்று மாசக்கணக்காகக் கெஞ்சியும் திறக்காத வாய்!

அண்ணன் கையை எடுத்துவிட்டார். புள்ளைய இங்க போட்டுக் கெடுத்து வெச்சிருக்கீங்க, எதுத்துப் பேசுது என்று என்னை ஒரு பாட்டம் திட்டினார். ஆனால் வாசலில் நின்று துண்டால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். வந்த ஆட்டோவிலேயே தனியாகப் போனார்.

அன்றிலிருந்து நான் படும் பாட்டைக் கேட்காதீர்கள். குளிக்கக் கூப்பிட்டால் மாட்டேன், சாப்பிடக் கூப்பிட்டால் மாட்டேன். நேற்று ஒரு அடி வைக்கக் கை ஓங்கினேன், அதற்கும் மாட்டேன் என்றாள். சிரித்துத் தொலைத்துவிட்டேன்.

அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தப் போவதில்லை. கோபித்துக்கொள்வதென்றால் என்னைக் கோபித்துக்கொள்ளுங்கள், அண்ணனை மறுபடி அனுப்பாதீர்கள்.

அடுத்த முறை நீங்கள் போன் செய்யும்போது ரிசீவரை அவள் காதில் வைக்கிறேன். அவளுக்கு வார்த்தை வர நேரமாகும். லைன் கட்டாகிவிட்டதென்று ஹலோ ஹலோ எனக் கத்தி வைத்துவிடாதீர்கள். மூச்சுச் சத்தம் மட்டும்தான் முதலில் கேட்கும். உங்களிடம் என்ன சொல்வாளோ, எனக்குத் தெரியாது. சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபம் ஆறாத,
நீலாவதி